தோண்டத் தோண்டத் துரு: இந்த இரும்பெல்லாம் என்னவென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செம்பவாங் மருமகன் (சனி, இரவு 9.40)

வணக்கம். நான் இங்கே படித்துவிட்டுப் போகிறவன், எழுதுவது இது இரண்டாவதோ மூன்றாவதோ தடவை. சிங்கப்பூரின் வடக்கே செம்பவாங்கில் மாமனாருடைய பழைய தரைவீட்டில் பின்பக்கச் சமையலறையை நீட்டிக் கட்டுகிறோம். புதன்கிழமை தூணுக்குக் குழி வெட்டியபோது ஒரே இடத்திலிருந்து இரும்பாக வந்துகொண்டே இருந்தது. கட்டட வேலையை எடுத்திருக்கும் குத்தகையாளர் "பழைய சாமான் வாங்குகிற கராங் குனிக்குப் போட்டால் காப்பிக் காசாவது வரும்" என்றார். எனக்கு மனம் வரவில்லை, ஒரு பெரிய வாளியில் அள்ளி வைத்துவிட்டேன். கார் நிறுத்தும் இடமெல்லாம் செம்மண் என்று மனைவியிடம் திட்டு வாங்கியாயிற்று.

பிறை நிலா மாதிரி மூன்று தகடுகள், ஓட்டை போட்டவை, உடைந்த குதிரை லாடம் என்று நினைக்கிறேன். ஒரு சாண் நீளத்தில் தலை பெருத்த ஆணி ஒன்று. சதுர ஆணிகள் ஒரு கைப்பிடி. நுனி வளைந்த சின்னக் கத்தி, பிடி மக்கிப் போய்விட்டது. குதிரைக் குளம்பு வடிவத்தில் கனமான ஒரு வளையம், குறுக்கே ஒரு முளை. இன்னொன்றுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது: ஒரு இரும்பு வளையத்தில் கொக்கி கொக்கியாகத் தொங்கி, எல்லாம் துருவில் ஒட்டி நண்டு மாதிரி சுருண்டு கிடக்கிறது. கடைசிப் படத்தில் இருப்பது முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவான உருளை, இரண்டு பக்கமும் மண் அடைத்திருக்கிறது, நல்ல கனம். இதில் எதற்காவது விலை உண்டா? எப்படிச் சுத்தம் செய்வது?

லாலான் (சனி, இரவு 9.58)

உருளையைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடமா என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

பட்டறைப் பேரன் (சனி, இரவு 10.03)

தட்டாதீர்கள்!!! லாலான், அந்தப் பதிவை அழித்துவிடுங்கள், யாராவது கேட்டுவிடப் போகிறார்கள்.

மருமகன் சார், வீடு இருப்பது செம்பவாங்கில். பிரிட்டிஷ்காரர்களின் பழைய கடற்படைத் தளம் பக்கத்திலேயே, ஜப்பான் சண்டையில் 1942 பிப்ரவரியில் அந்தப் பக்கமெல்லாம் குண்டு விழுந்த இடம். 2023 செப்டம்பரில் அப்பர் புக்கித் தீமா ரோடு கட்டுமானத் தளத்தில் 100 கிலோ குண்டு கிடைத்து, 4,000 பேருக்கு மேல் வெளியேற்றிவிட்டுத்தான் அதை வெடிக்க வைத்தார்கள், நினைவிருக்கிறதா? எண்பது வருடம் மண்ணில் கிடந்தாலும் உள்ளே இருக்கும் மருந்து செத்துப்போவதில்லை. இரண்டு முனையும் அடைத்த இரும்பு உருளை என்றால் அது என்னவென்று ஆராய்வது நம் வேலை இல்லை. வாளியை நகர்த்த வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள், 999க்கு அடியுங்கள். மற்றதெல்லாம் நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.

செம்பவாங் மருமகன் (சனி, இரவு 10.11)

அண்ணே, அதைத்தான் மூன்று நாளாக என் கார் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சரி, கூப்பிடுகிறேன்.

ஈசூன் டீச்சர் (சனி, இரவு 11.30)

என்ன ஆயிற்று? யாராவது ஒரு வரி எழுதுங்கள், தூக்கம் வரவில்லை.

செம்பவாங் மருமகன் (ஞாயிறு, காலை 8.15)

எல்லாரும் நலம். போலிஸ் வந்தார்கள், எங்களைத் தெருமுனையில் நிற்க வைத்தார்கள், அப்புறம் அதற்கென்று இருக்கிற ராணுவக்காரர்கள் வந்து பார்த்தார்கள். வெடிபொருள் இல்லை, வெறும் இரும்புக் குழாய் என்று சொல்லிவிட்டார்கள். இப்படிச் சின்ன விஷயத்துக்குக் கூப்பிட்டோமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அதில் ஒருவர், "கூப்பிட்டதுதான் சரி, முதலிலேயே வாளியில் போட்டதுதான் தப்பு" என்றார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி இன்னும் சன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்.

மண் உதிர்ந்த பிறகு எடுத்த படம் போட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் திறந்த குழல். ஒரு வாய் பெரிது, ஒரு வாய் சிறிது. வெளியே எதிரெதிராக இரண்டு காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது.

பட்டறைப் பேரன் (ஞாயிறு, காலை 8.52)

காது என்று சொன்னீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவில் மரக்குடம் இருக்கும். அதற்குள் அடித்து இறக்கும் இரும்புக் குழல் இது. இருசு, அதாவது வண்டியின் அச்சு, இதற்குள்தான் இருக்கும், சக்கரம் அதைச் சுற்றும். மரத்துக்குள் குழல் தனியாகச் சுழன்றுவிடக்கூடாது என்பதற்குத்தான் அந்த இரண்டு காது. இருசின் முனை ஒல்லியாகிக்கொண்டே போகும், அதனால்தான் குழலும் ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது. தலை பெருத்த ஆணி கடையாணி, சக்கரம் கழன்று ஓடாமல் இருசின் முனையில் குத்துவது.

"உடைந்த குதிரை லாடம்" உடைந்ததும் இல்லை, குதிரையுடையதும் இல்லை. மாட்டுக்குக் குளம்பு பிளந்திருக்கும், அதனால் ஒரு காலுக்கு இரண்டு தகடு, காற்புள்ளி மாதிரி. நாலு காலுக்கும் கட்டினால் எட்டு. என் தாத்தா மன்னார்குடிப் பக்கம் பட்டறை வைத்திருந்தவர். மாட்டைக் கயிறு போட்டுக் கீழே சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, ஒருவர் தலையை அழுத்திப் பிடிக்க, இவர் லாடம் அடிப்பார். எனக்கு அந்த மாட்டின் கண்ணைப் பார்க்கப் பயமாக இருக்கும். ஓட்டையை உற்றுப் பாருங்கள், ஆணித்தலை அமுங்கி உட்கார ஒரு பள்ளம் இருக்கும், இல்லாவிட்டால் ரெண்டு நாளில் ரோட்டில் தேய்ந்து ஆணி போய்விடும்.

சிங்கப்பூரில் மாட்டுவண்டியா என்று கேட்கிறவர்களுக்கு: சைனாடவுனில் இருக்கிற கிரேத்தா ஆயர் என்றாலே மலாயில் தண்ணீர் வண்டி. அதே இடத்துக்குச் சீனர்கள் வைத்த பெயர் மாட்டுவண்டித் தண்ணீர். தேக்காவில் பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் (மலாயில் கெர்பாவ் என்றால் எருமை) சும்மா வந்த பெயர்கள் இல்லை.

லாலான் (ஞாயிறு, காலை 9.20)

நேற்று உளறியதற்கு மன்னிக்கவும். பரிகாரமாக ஒரு யோசனை: அந்தக் கொக்கிக் கொத்து சம்பான் நங்கூரம். கடல் பக்கம்தானே.

ஈசூன் டீச்சர் (ஞாயிறு, காலை 9.44)

எனக்கு முதலில் அலகுக் காவடிக் கொக்கி என்றுதான் தோன்றியது, ஆனால் இது அதற்கு ரொம்பத் தடிமன். முருகா, நினைக்கவே உடம்பு கூசுகிறது.

மருமகன், நான் கேட்பது வேறு. எவ்வளவு ஆழத்தில் எது கிடைத்தது? எல்லாம் ஒன்றாகக் கிடந்ததா, பரவிக் கிடந்ததா? பக்கத்தில் கண்ணாடி, பீங்கான் ஏதாவது வந்ததா? மண் ஒரே நிறமா?

செம்பவாங் மருமகன் (ஞாயிறு, காலை 10.02)

டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் கேட்டது அந்தக் கொக்கி என்ன என்று. மண்ணின் நிறம் எதற்கு?

ஈசூன் டீச்சர் (ஞாயிறு, காலை 10.31)

எதற்கென்றால், துருப்பிடித்த இரும்பு தனியாகப் பேசாது. 1984ல் ஃபோர்ட் கேனிங் குன்றில் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் முதன்முதலாக முறையாக அகழ்ந்தபோது, சின்னச் சின்னப் பீங்கான் துண்டுகளை எந்த அடுக்கில் கிடந்தன என்று பார்த்துப் பார்த்துத்தான் 14ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூரைக் கண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் வீட்டில் 14ஆம் நூற்றாண்டு இல்லை, தெரியும். ஆனாலும் முறை அதேதான். வாளியில் அள்ளியபோதே பாதித் தகவல் போய்விட்டது, மீதியையாவது நினைவிலிருந்து எழுதி வையுங்கள். குழியை வெட்டிய தம்பிகளைக் கேளுங்கள், அவர்களுக்கு உங்களைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். (நான் பள்ளியில் வேதியியல்தான் எடுக்கிறேன், வரலாறு ஆசைக்கு.)

நேவல்பேஸ் தாத்தா (ஞாயிறு, பகல் 12.15)

தம்பி, அந்தக் கனமான வளையத்தை நான் சொல்கிறேன். அது ஷேக்கிள். சங்கிலியையும் கயிற்றையும் பூட்டுவதற்கு. கப்பல் பட்டறையில் நான் பார்க்காத ஷேக்கிளா. முளையின் தலைப்பக்கம் துருவை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள், காக்காய்க் கால் மாதிரி மூன்று கோடு ஒன்றாகச் சேர்கிற அம்புக்குறி இருக்கிறதா என்று. இருந்தால் அது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்று போடுகிற முத்திரை. பீரங்கியிலிருந்து பூட்டு வரை எல்லாவற்றிலும் போடுவார்கள்.

சுருள் நுனிக் கத்தி பால்மரம் வெட்டுகிற கத்தி. நுனி ஏன் வளைந்திருக்கிறது என்றால், பட்டையை நூல் பிடித்த மாதிரி சன்னமாகச் சீவ வேண்டும், மரத்தைத் தொட்டுவிடக் கூடாது, தொட்டால் மரத்துக்குப் புண்ணாகி அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது, தோட்டத்துக் கங்காணி மண்டோரிடம் ஏச்சு விழும். 1877ல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்று சிங்கப்பூருக்கு வந்தது. அப்புறம் தாவரவியல் பூங்காவில் இருந்த ரிட்லி துரை மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கிற வழியைக் கண்டுபிடித்தார். செம்பவாங், நீ சூன், மண்டாய் எல்லாம் ஒரு காலத்தில் ரப்பர்க் காடுதான். இப்போது போய்த் தேடினால் காண்டோ அடுக்குமாடிதான் இருக்கும்.

செம்பவாங் மருமகன் (ஞாயிறு, பகல் 1.50)

ஐயா!! காக்காய்க் கால் இருக்கிறது!!! படம் போட்டிருக்கிறேன்.

மனைவியின் தாத்தா கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அப்படியானால்... அது எப்படி வீட்டுக்கு வந்தது என்று மாமியாரிடம் கேட்கலாமா, வேண்டாமா?

நேவல்பேஸ் தாத்தா (ஞாயிறு, பகல் 2.04)

கேட்காதீர்கள். 1938ல் ஐந்தாம் ஜார்ஜ் பெயரில் கப்பல் பழுதுபார்க்கும் துறையைத் திறந்து, 1971ல் வெள்ளைக்காரன் கிளம்பிப் போகிற வரைக்கும் அந்தக் கேட்டு வழியாக என்னென்ன நடந்து போனது என்று எனக்குத் தெரியும். உங்கள் தாத்தா நல்ல மனுஷன், ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்.

பட்டறைப் பேரன் (ஞாயிறு, பகல் 2.20)

ஐயா, சின்னத் திருத்தம், அது ஆறாம் ஜார்ஜ். 1938 பிப்ரவரி 14.

நேவல்பேஸ் தாத்தா (ஞாயிறு, பகல் 2.26)

ஆமாம், ஆறு. வயசாகிவிட்டது.

புதுக்கோட்டைத் தம்பி (ஞாயிறு, மாலை 4.40)

வணக்கம் சார். நான் இங்கே கட்டட வேலையில் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எழுத முடியும். கொக்கிக் கொத்து படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அது பாதாளக் கரண்டி சார். கிணற்றில் வாளி, குடம் விழுந்துவிட்டால் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவுவது. எங்கள் ஊரில் நிலத்தடி வற்றி எல்லாரும் போர் போட்டுவிட்டார்கள், ஆனாலும் அப்பத்தா வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கிறது.

நங்கூரத்துக்கு நடுவில் தடியான தண்டு இருக்கும், நாலு கைதான் இருக்கும், கனமாக இருக்கும். இதற்கு அந்தத் தண்டு இல்லை. வளையத்தில் தொங்குகிற கொக்கிகள் எல்லாப் பக்கமும் ஆடும், நீளமும் ஒரே அளவாக இருக்காது. அடிமண்ணில் குப்புறக் கிடக்கிற குடத்தின் விளிம்பில் எந்தக் கொக்கியாவது மாட்டாதா என்றுதான் அப்படிச் செய்வார்கள். இழுக்கும்போது கை சொல்லும் சார், மாட்டிவிட்டது என்று. நான் சின்ன வயதில் அப்பத்தாவின் செம்புக் குடத்தைத் தேடப்போய் வேறு யாரோ எப்போதோ போட்ட குடத்தை எடுத்திருக்கிறேன்.

சோங் பாங் அக்கா (ஞாயிறு, மாலை 5.30)

தம்பி, வாழ்க! பாதாளக் கரண்டி! இந்த வார்த்தையைக் கேட்டு நாற்பது வருடம் இருக்கும். எங்கள் கம்பத்தில், அதான் கிராமத்தில், பத்து வீட்டுக்கு ஒரு கிணறு, கரண்டி இருந்தது ஒரே ஒரு வீட்டில். அந்த வீட்டு அத்தை சும்மா கொடுக்க மாட்டார், ஏதாவது ஒரு பாத்திரத்தை அடகு வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும். திருப்பித் தர மறந்துவிடுவார்களாம். எங்கள் வீட்டுச் சோற்றுப் பானை பாதி நாள் அத்தை வீட்டில்தான் இருக்கும், அம்மாவுக்கு அவ்வளவு கைநடுக்கம்.

மருமகன், கரண்டி இருந்தால் கிணறும் இருந்திருக்க வேண்டுமே. எங்கே?

ஈசூன் டீச்சர் (ஞாயிறு, மாலை 5.48)

அக்கா கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன். வண்டிச் சாமான், ரப்பர்க் கத்தி, கப்பல் ஷேக்கிள், கிணற்றுக் கரண்டி: ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது எல்லாம் எப்படி ஒரே குழியில்? இப்போதாவது மண்ணின் நிறம் சொல்வீர்களா?

செம்பவாங் மருமகன் (ஞாயிறு, இரவு 10.20)

டீச்சர், காலையில் எரிந்து விழுந்ததற்கு மன்னியுங்கள். குழி வெட்டிய தம்பியிடம் போனில் கேட்டேன். சுற்றிலும் கெட்டியான செம்மண், நடுவில் மட்டும் கருப்பாகப் பொலபொலவென்று, ஓடு, பாட்டில், கரித்துண்டு கலந்த மண்ணாம். வட்டமாக இருந்ததாம்! அவருக்கு அப்போதே சந்தேகமாம், சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டாராம். கொக்கிதான் முதலில் வந்தது, லாடமும் குழலும் அடியில்.

அப்புறம் மாமியாரிடம் போனேன். "ஜம்பு மரத்துப் பக்கத்தில் கிணறு இருந்ததே, உனக்குத் தெரியாதா?" என்று சாவகாசமாகக் கேட்கிறார். கல்யாணமாகிப் பதினாறு வருடம், இப்போதுதான் சொல்கிறார்! பைப்புத் தண்ணீர் வந்தபிறகு, பிள்ளைகள் விழுந்துவிடும் என்று தாத்தா மூடச் சொன்னாராம். வீட்டில் வேண்டாத சாமானெல்லாம் அதற்குள்தான் போயிற்றாம். வண்டி மாமியாருடைய தாத்தாவுடையது, எஸ்டேட்டில் வாடகைக்கு ஓட்டியிருக்கிறார். கிணறே போன பிறகு கரண்டி எதற்கு என்று கடைசியில் அதையும் போட்டிருப்பார்கள் போல.

பட்டறைப் பேரன் (ஞாயிறு, இரவு 10.35)

சார், விலை, சுத்தம் எல்லாம் இருக்கட்டும். உங்கள் தூண் அந்தக் கிணற்றின் மேலேயா நிற்கப் போகிறது?

செம்பவாங் மருமகன் (ஞாயிறு, இரவு 10.37)

ஐயோ.

செம்பவாங் மருமகன் (புதன், இரவு 8.05)

வேலையை நிறுத்திப் பொறியாளரை வரவழைத்தேன். கம்பியை இறக்கிப் பார்த்தார்கள், வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கிக்கொண்டே போனது. ஓரமாக வெட்டியதில் சிமெண்டு உறை தெரிந்தது. குப்பை போட்டு நிரப்பிய மண் வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்குமாம், அதன்மேல் தூணை வைத்திருந்தால் சமையலறை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். வரைபடத்தை மாற்றுகிறார், தூண் தள்ளிப் போகிறது, செலவு கூடுகிறது. குத்தகையாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். மண்ணின் நிறத்தைக் கேட்ட டீச்சருக்கு இந்த வீட்டில் எப்போதும் சாப்பாடு உண்டு.

இப்போது சுத்தம் செய்யும் வழியைச் சொல்லுங்கள்.

ஈசூன் டீச்சர் (புதன், இரவு 8.50)

முதலில் ஒரு காந்தம் எடுங்கள். நன்றாக ஒட்டினால் உள்ளே இன்னும் உலோகம் இருக்கிறது. ஒட்டவே இல்லை என்றால் அது முழுக்கத் துருவாகிவிட்டது, தூரிகையால் மண்ணைத் தட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள், மீறித் தேய்த்தால் கையில் தூள்தான் மிஞ்சும்.

உலோகம் இருப்பவற்றை மின்னாற்பகுப்பு செய்யலாம், அதாவது தண்ணீரில் போட்டு மின்சாரம் பாய்ச்சித் துருவை எடுப்பது. பிளாஸ்டிக் வாளி, தண்ணீரில் கரைத்த சலவைச் சோடா, 12 வோல்ட் சார்ஜர். பழம்பொருள் எதிர்முனையில், வேண்டாத இரும்புக் கம்பி நேர்முனையில். மாற்றிக் கொடுத்தால் கரைந்து போவது தாத்தாவின் ஷேக்கிள்! கம்பிக்குப் பதிலாக எவர்சில்வர் கரண்டியைப் போடாதீர்கள், அதிலிருக்கும் குரோமியம் நச்சாகித் தண்ணீரில் கலக்கும். உப்பும் போடாதீர்கள், குளோரின் வரும். ஹைட்ரஜன் குமிழியிட்டுக்கொண்டே இருக்கும், அதனால் வெளியே காற்றோட்டமாக, நெருப்பில்லாத இடத்தில் வையுங்கள். அமிலத்தில் ஊறவைக்கிற காணொளிகளை நம்பாதீர்கள்.

பட்டறைப் பேரன் (புதன், இரவு 9.15)

டீச்சர் சொன்ன பிறகு என் பங்கு. காய்ந்ததும் கடுக்காய் வேகவைத்த தண்ணீரைப் பூசுங்கள். அதிலிருக்கும் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கருநீலமாக உறைந்துவிடும், துரு வருவது குறையும். தேத்தண்ணிச் சாயத்திலும் அதே சத்து உண்டு, கடுக்காய் அளவுக்குப் பிடிக்காது. மேலே மெழுகு. தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள், தடவாதீர்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் சிக்கு நாற்றம்தான் வரும். துருவின் மேல் ஆரஞ்சு நிறத்தில் துளித்துளியாக வியர்த்தால் உள்ளே உப்பு இருக்கிறது என்று அர்த்தம், திரும்பவும் சோடாத் தண்ணீரில் போட்டுத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவையுங்கள்.

விலை கேட்டீர்களே, லாடம் மூன்றும் சேர்ந்து ஒரு ரொட்டிப் பரோட்டா தேறாது.

லாலான் (புதன், இரவு 9.31)

ஷேக்கிளையாவது ஏலத்தில் போடலாமே?

நேவல்பேஸ் தாத்தா (புதன், இரவு 9.40)

அரசாங்கச் சொத்து. பேசாமல் இருங்கள்.

செம்பவாங் மருமகன் (சனி, மாலை 6.10)

கரண்டியில் ஏழு கொக்கி பிரிந்து வந்துவிட்டது, எட்டாவது முறிந்திருந்தது. இரண்டு கொக்கி இன்னும் ஆடுகிறது. மாமியார் அதைக் கையில் வாங்கி ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பூசை அறைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டார். எடுக்கக் கூடாதாம்.

சோங் பாங் அக்கா (சனி, மாலை 6.25)

என் பேத்தியின் பள்ளியில் பழைய காலப் பொருள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு இரவல் கிடைக்குமா?

செம்பவாங் மருமகன் (சனி, மாலை 6.32)

மாமியாரிடம் கேட்டேன். பாத்திரத்தோடு வரச் சொல்கிறார்.